லேப்டாப்பைத் தொட்டால் குறுகுறுக்கிறதா? குளிர் மேல் பழி போடுவதற்கு முன்னால்

கோத்தகிரியில் தை மாதத்துக் காலை ஏழு மணிக்கு எதைத் தொட்டாலும் விரல் மரத்துத்தான் போகும். அதனால், சார்ஜில் போட்ட லேப்டாப்பின் மேல் மணிக்கட்டை வைத்ததும் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு வந்ததை இரண்டு வாரம் குளிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து வந்த தம்பி அதே மேசையில் அவனுடைய லேப்டாப்பைப் போட்டு உட்கார்ந்து, ஐந்தே நிமிடத்தில் "அண்ணா, இதுல கரண்ட் வருது" என்று கையை உதறினான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, காலில் செருப்பு இருக்கும்போது இது வருவதில்லை, வெறுங்காலைச் சிமென்ட் தரையில் வைக்கும்போதுதான் வருகிறது என்று.

உலோக உடம்புள்ள லேப்டாப் வைத்திருக்கிற நிறையப் பேருக்கு இது நடக்கிறது. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் "ஆபத்தில்லை" என்று கேட்டவுடன் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் இது கரண்ட்தானா என்று பார்த்துவிடுங்கள். சார்ஜர் ஓடும்போது விரலின் பின்பக்கத்தால், அதாவது நகம் இருக்கும் பக்கத்துத் தோலால், மூடியின் மேல் லேசாகத் தடவுங்கள். வழவழப்பான உலோகம் சொரசொரப்பாக, உள்ளே ஏதோ நடுங்குவதுபோலத் தெரியும். அப்படியே தடவிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாரையாவது பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். அந்த நொடியே வழவழப்பாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், சார்ஜர் வழியாக வருவதுதான். அழுத்திப் பிடித்தால் குறைந்து, லேசாகத் தடவினால் கூடும் என்பது இன்னொரு அடையாளம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தோலை நொடிக்கு 100 தடவை இழுத்து இழுத்து விடுகிறது, விரல் நகரும்போது அந்த உராய்வு மாறுவதைத்தான் நாம் நடுக்கமாக உணர்கிறோம்.

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எதையாவது தொடும்போது "டப்" என்று ஒருமுறை அடிக்குமே, அது வேறு. உலர்ந்த குளிர்நாட்களில் கம்பளியில் சேரும் நிலைமின்சாரம் அது. ஒரே அடியோடு முடிந்துவிடும், சார்ஜர் இல்லாவிட்டாலும் வரும். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குறுகுறுப்பு என்ற அளவைத் தாண்டிச் சுருக்கென்று வலித்தாலோ, கை தானாகப் பின்னால் வந்தாலோ, பொறி தெரிந்தாலோ, சார்ஜரில் கருகிய வாடை அடித்தாலோ கீழே உள்ள எந்தச் சோதனையும் வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில் போட்டுத் தொலைத்திருப்பார்கள், அணைத்தாலும் உள்ளே பேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் ஒயர் உயிரோடு இருக்கும், அதனால் பிடுங்குவதுதான் சரி. அந்தச் சார்ஜரைத் திரும்பத் தொடாதீர்கள்.

எங்கிருந்து வருகிறது

லேப்டாப் சார்ஜர் 230 வோல்ட்டை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது, பிறகு அதை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை துண்டு துண்டாக நறுக்கி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 20 வோல்ட் போல இறக்கிக் கொடுக்கிறது. இந்த நறுக்கலில் ஏகப்பட்ட இரைச்சல் பிறக்கிறது. அதை அப்படியே விட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ வரை கரகரக்கும். அந்த இரைச்சல் பிறந்த இடத்துக்கே திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் என்பதற்காக, சுவர்ப்பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் இடையில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைப் பாலமாகப் போட்டிருப்பார்கள். ஒய் கெப்பாசிட்டர் என்று பெயர். வேகமான இரைச்சலுக்கு அது திறந்த வாசல். 50 ஹெர்ட்ஸுக்கு மூடிய கதவுதான், ஆனால் அடியில் சந்து இருக்கும் கதவு.

சந்தில் எவ்வளவு கசியும் என்று கணக்குப் போடலாம். 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்பியர். எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு) இல்லாத, இரட்டைக் காப்பு உள்ள சார்ஜருக்குச் சர்வதேசப் பாதுகாப்பு விதி முன்பு அனுமதித்த உச்சம் 0.25 மில்லி ஆம்பியர். மனிதர்கள் பொதுவாக உணரத் தொடங்குவது 0.5 மில்லி ஆம்பியர் சுற்றில் என்பார்கள். ஆனால் மணிக்கட்டின் உள்பக்கத்து மெல்லிய தோல், லேப்டாப்பின் கூர்மையான ஓரம், லேசான தடவல் எல்லாம் சேர்ந்தால் அதற்கும் கீழேயே தெரிந்துவிடும். பிடித்த கையை விடமுடியாமல் இழுத்துக்கொள்வது சுமார் 10 மில்லி ஆம்பியரில். நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள்.

இதெல்லாம் தெரியாமல் மல்டிமீட்டரை எடுத்து லேப்டாப் உடம்பில் வைத்தால் 80, 90, சில நேரம் 110 வோல்ட் கூடக் காட்டும். அலறிவிடாதீர்கள். மேட்டுத் தெருக் குழாயில் கோடைக்காலத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருமே, அதுபோல: உயரத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் குடம் நிறையாது. வோல்ட் இருக்கிறது, பின்னால் பலம் இல்லை.

பலம் இல்லை என்பது நல்ல சார்ஜரைப் பற்றிய பேச்சு. அசல் ஒய் கெப்பாசிட்டரைப் பழுதானால் அறுந்துபோகும்படி செய்திருப்பார்கள். பெயர் தெரியாத மலிவுச் சார்ஜரில் அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டிருந்தால், அது பழுதாகும்போது ஒட்டிக்கொண்டு 230 வோல்ட்டை நேராக உங்கள் மடியில் கொண்டுவந்து விடலாம். அதனால்தான் சார்ஜரின் முதுகில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் அதோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்த எண் என்று வரும். எண் இல்லையென்றால் நான் அந்தச் சார்ஜரைப் பயன்படுத்த மாட்டேன், அவ்வளவுதான்.

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

இரண்டு பின்னா, மூன்று பின்னா? இரண்டு பின் என்றால், சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி ஒன்று இருக்கும், இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அதற்கு எர்த் தேவையில்லை, எர்த் போக வழியும் இல்லை. அந்தச் சார்ஜரில் கொஞ்சம் குறுகுறுப்பு அதன் கூடப்பிறந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள், சில சார்ஜர்களில் குறையும், சிலவற்றில் ஒரு மாற்றமும் இருக்காது. இல்லாவிட்டால் பேட்டரியில் வேலை செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும்போது சார்ஜ் போடுங்கள், அல்லது அதே லேப்டாப்புக்கு அதே வாட் அளவுள்ள மூன்று பின் சார்ஜர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சார்ஜரின் பிளக் தலையை இழுத்துக் கழற்றினால் உள்ளே ஒரு உலோகக் குமிழ் தெரியும். எர்த் போகவேண்டிய வழி அதுதான். நம் ஊரில் கூட வரும் குட்டித் தலையில் இரண்டு பின்தான், அதனால் குமிழ் சும்மா இருக்கிறது. மூன்று பின் உள்ள நீள எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தனியாக வாங்கி மாட்டினால் குமிழுக்கு எர்த் கிடைக்கும். வாங்கும்போது அந்த ஒயரின் சார்ஜர் பக்கத்துப் பள்ளத்தில் குமிழைக் கவ்வும் உலோகத் தகடு இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், போலி ஒயர்களில் வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கும்.

மூன்று பின் சார்ஜர் என்றால் மேலே உள்ள பெரிய எர்த் பின் உண்மையிலேயே லேப்டாப் வரை போகிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது. சார்ஜரைச் சுவரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, ஒரு முனையைப் பெரிய பின்னிலும் மறுமுனையை லேப்டாப்பில் செருகும் முனையின் வெளி உலோகத்திலும் வையுங்கள். பீப் வந்தால் எர்த் போகிறது. வராவிட்டால் ஓம் அளவுக்கு மாற்றிப் பாருங்கள், சிலர் நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். எதுவுமே காட்டவில்லையென்றால் அந்தப் பின் அலங்காரத்துக்கு வைத்ததுதான், வீட்டில் எவ்வளவு நல்ல எர்த் போட்டாலும் அந்தச் சார்ஜரின் குறுகுறுப்பு போகாது.

பீப் வருகிறது, ஆனாலும் குறுகுறுக்கிறது என்றால் இனிமேல் சார்ஜரைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில்தான் எர்த் இல்லை.

சுவரைச் சோதிப்பது

மூன்று பின் சார்ஜருக்கு எர்த் கிடைக்காமல் போவது, இரண்டு பின் சார்ஜர் வைத்திருப்பதைவிட மோசம். எர்த் இருக்கிறது என்று நம்பித்தான் அதற்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குக் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறார்கள். எர்த் அறுந்துபோனால் அந்தக் கசிவுக்கு நீங்கள்தான் வழி. ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மானிட்டர், பிரிண்டர், லேப்டாப் என்று வரிசையாகச் செருகியிருந்தால் எல்லாவற்றின் கசிவும் அந்த அறுந்த பச்சை எர்த் ஒயரில் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

சோதனைக்கு மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஏ.சி. வோல்ட் பக்கம் 600 அல்லது 750-இல் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் மாட்டி வைத்துவிட்டுப் பிளக் பாயின்ட்டில் செருகினால் மீட்டர் கையிலேயே வெடிக்கும், மிகையில்லை. காலில் ரப்பர் செருப்பு, கை ஈரமில்லாமல், முனைகளின் பிளாஸ்டிக் பிடியைத் தாண்டி விரல் போகாமல். இதில் பழக்கமில்லை என்றால் விட்டுவிடுங்கள், மூன்று சின்ன விளக்குகள் உள்ள சாக்கெட் டெஸ்டர் என்று ஒரு பிளக் விற்கிறது, அதைச் செருகினால் எர்த் இல்லையென்று விளக்கே சொல்லிவிடும்.

மேலே இருக்கும் பெரிய துளை எர்த். கீழே, நீங்கள் பார்க்கும் பக்கத்திலிருந்து வலது பேஸ், இடது நியூட்ரல் என்பது முறை, ஒயரிங் செய்தவர் முறை பார்த்திருந்தால். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 சுற்றிக் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இப்படி வந்தால் ஓரளவு நல்ல சேதி. பேஸ்-எர்த் 230-க்குப் பதிலாக 70, 130 என்று நிலையில்லாமல் ஆடினால், நியூட்ரல்-எர்த்திலும் அதுபோல ஏதோ ஒரு எண் வந்தால், எர்த் அந்தரத்தில் தொங்குகிறது.

நியூட்ரல்-எர்த் சுத்தமாக 0.0 என்று காட்டினால் பாதிப்பேர் சந்தோஷப்படுவார்கள். நான் படமாட்டேன். அதே லைனில் அயர்ன் பாக்ஸ் போல அதிகம் இழுக்கும் எதையாவது ஓடவிட்டு மறுபடி பாருங்கள். எர்த் தனியாக இருந்தால் நியூட்ரலில் ஏற்படும் இழப்பால் எண் கொஞ்சமாவது ஏறும். அசையாமல் பூஜ்ஜியத்திலேயே நின்றால், உள்ளே யாரோ எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டிருக்கலாம். அது ஏன் விஷம் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டரை லேப்டாப்பில் வைத்து "எரியுது பாரு" என்று பயமுறுத்துவார்கள். எர்த் இல்லாத சார்ஜரின் சாதாரணக் கசிவுக்கே அது எரியும். அதை வைத்துப் பேஸ் எது என்று கண்டுபிடிக்கலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

மீட்டர் 230 காட்டினாலும் எர்த் பலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, மயிரிழை போல ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பிகூட மீட்டருக்கு 230 காட்டிவிடும். அதனால் எலக்ட்ரீசியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு முழுசாக எரிகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் நீங்கள் செய்யாதீர்கள். எர்த் அறுந்திருந்தால் பல்பு வழியாகப் போகும் பேஸ் வீட்டில் உள்ள அத்தனை மூன்று பின் கருவிகளின் உடம்பிலும் ஏறி நிற்கும். அந்த நேரம் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தால்?

எங்கள் வீட்டில் என்ன நடந்தது

எங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 94 வோல்ட். சரி, எர்த் இல்லை என்று தெரிந்துவிட்டது. மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சட்டென்று 160-க்கு ஏறியது. நான் எதையும் தொடவில்லை. பக்கத்தில் பாத்ரூமில் அம்மா கீசர் சுவிட்சைப் போட்டிருந்தார்.

கீசரின் சூடேற்றும் கம்பியில் ஓட்டை. அது கசிந்த மின்சாரம் பச்சை ஒயரில் ஏறி, மண்ணுக்குப் போக வழியில்லாததால் வீட்டின் மற்ற எல்லாப் பச்சை ஒயர்களிலும் பரவி, கடைசியில் என் லேப்டாப் உடம்புக்கு வந்து நின்றது. காலை ஏழு மணிக்குக் குறுகுறுப்பு அதிகமாக இருந்ததற்குக் காரணம் குளிரல்ல, எல்லோரும் வெந்நீர் போடும் நேரம் அது. அம்மாவோ பல மாதங்களாகக் குழாயைத் துண்டால் பிடித்துத்தான் திறந்துகொண்டிருந்தார். "பைப்பு ஜில்லுன்னு கூசுதுடா" என்பார். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. மலையில் குழாய் ஜில்லென்று இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

லேப்டாப்பின் 0.16 மில்லி ஆம்பியர் யாரையும் ஒன்றும் செய்யாது. அதே அறுந்த எர்த் ஈரத் தரையில் நிற்கிற ஒருவரிடம், பழுதான கீசரோடு சேர்ந்து என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. ஆகவே லேப்டாப்பில் குறுகுறுப்பு வந்தால் அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது கீசர், ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர், இந்த வரிசையில். ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, எதைப் போடும்போது நியூட்ரல்-எர்த் எண் எகிறுகிறது என்று பாருங்கள்.

வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் போர்டுகளைத் திறந்து பார்த்து, "எர்த் எல்லாம் ஒழுங்கா இழுத்திருக்கு தம்பி" என்றார். உண்மைதான், உள்ளே ஒரு குறையும் இல்லை. மெயின் போர்டிலிருந்து வெளியே எர்த் குழிக்குப் போகும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில் பின்பக்கத்து மண் சரிந்ததற்குத் தடுப்புச் சுவர் கட்டினோம். கட்டியவர்கள் பட்டையை வெட்டி, நுனியைக் கான்கிரீட்டுக்குள் விட்டுவிட்டார்கள். எர்த் குழி சுவருக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது. மலையில் தடுப்புச் சுவர் கட்டாத வீடு எது? உங்கள் வீட்டிலும் கட்டியிருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் கதை வேறு. பைக்காராவில் நீர்மின் நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்ட மலை இது, ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி மரச் சட்டத்தில் இரண்டே ஒயர் ஓடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிறகு யாரோ மூன்று துளை பிளக் பாயின்ட்டை மட்டும் மாட்டியிருப்பார்கள், மேல் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. அங்கே மரத்தரை வேறு இருந்தால் குறுகுறுப்பே தெரியாது. அது பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், பாத்ரூமில் மரத்தரை கிடையாது.

செய்யக்கூடாதவை

எர்த் துளையை உள்ளேயே நியூட்ரலோடு ஒரு துண்டு ஒயரால் சேர்ப்பது. குறுகுறுப்பு உடனே போய்விடும், செய்தவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். காற்றில் கற்பூர மரக்கிளை விழுந்தோ, போர்டில் ஸ்க்ரூ தளர்ந்தோ நியூட்ரல் மட்டும் அறுகிற நாளில், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பல்பு வழியாகப் பேஸ் திரும்பி வந்து எல்லாக் கருவிகளின் உடம்பிலும் முழு 230 வோல்ட்டாக உட்காரும். ஃபியூஸும் போகாது. இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

தண்ணீர்க் குழாயில் எர்த் ஒயரைச் சுற்றுவது. இரும்புக் குழாயாக இருந்தால் உங்கள் கசிவு பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போகும். நடுவில் எங்காவது பி.வி.சி. மாற்றியிருந்தால் மண்ணுக்கும் போகாது.

மூன்று பின்னை இரண்டாக மாற்றும் கன்வெர்ட்டர், பெரிய பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவது, எர்த் பின் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும் மலிவு டிராவல் அடாப்டர்: மூன்றும் ஒன்றுதான். ஜங்ஷன் பாக்ஸையும் சந்தேகப்படுங்கள், சிலவற்றில் மூன்று துளை இருக்கும், ஒயருக்குள் இரண்டு இழைதான் ஓடும். முன்பு சொன்ன பீப் சோதனையை அதிலும் செய்யலாம், பிளக்கைக் கழற்றிவிட்டு.

லேப்டாப்பின் ஸ்க்ரூவிலிருந்து எர்த் துளைக்கு ஒயர் இழுப்பதையும் நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் அதைச் செய்திருந்தால் கீசரை மடியில் கட்டிக்கொண்டதுபோல ஆகியிருக்கும்.

சரிசெய்வது

லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு, எர்த் குழியும், கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இரண்டுமே வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்று போதும் என்று பேரம் பேசுவார்கள்.

2.5 மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை நேராக மண்ணில் இறக்குவது வழக்கமான முறை. எங்கள் பக்கம் ஒரு மீட்டர் தோண்டினால் பாறை தட்டும். அப்போது பைப்பை ஒடித்துப் பாதியாகப் புதைத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுவது ஒரு வழி, அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நீளமான பள்ளம் தோண்டிப் பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம், அல்லது இரண்டு மூன்று குழிகளைச் சேர்த்துக் கட்டலாம். சரிவில் கீழ்ப்பக்கம், தண்ணீர் ஊறி நிற்கும் இடமாகப் பாருங்கள், கூரைக்கு அடியில் மழை படாத மூலை வேண்டாம். உப்பும் கரியும் போடுவது பழைய வழக்கம். சரிவில் பெய்யும் மழை உப்பைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டு போய்விடும், மீதி இருக்கும் உப்பு பைப்பை அரிக்கும். பென்டோனைட் என்ற களிமண் கலவை போட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செலவு கொஞ்சம் கூட.

பாறை நிலத்தில் எவ்வளவு செய்தாலும் எர்த் 20 ஓம், 30 ஓம் என்று நிற்கலாம். 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான், கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் போனால் வெட்டும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, கீசர் பாட்டுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். இங்கேதான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கைகொடுக்கிறது. போன கரண்ட் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது, 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் வெட்டிவிடும். கருவியின் உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்காமல் அது வெட்ட, எர்த் 1,600 ஓமுக்குள் இருந்தாலே போதும். கீழ்நாட்டில் ஆர்.சி.சி.பி. நல்லது என்றால், மலையில் அது இல்லாமல் ஆகாது. அதே சமயம் ஆர்.சி.சி.பி. மட்டும் போட்டு எர்த் இல்லாமல் விட்டால், யாராவது தொட்டு, அவர் வழியாகக் கசிந்த பிறகுதான் வெட்டும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே வெட்டும்.

எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டி, எர்த்தை இணைத்து, மெயினைப் போட்டு, கீசர் சுவிட்சைத் தட்டியதும் 'டக்' என்று எல்லாம் அணைந்தது. அண்ணன் சிரித்தார். கீசரின் கம்பியை மாற்றிய பிறகுதான் நின்றது.

இதற்குப் பிறகும் குறுகுறுப்பு மிச்சம் இருந்தால் அது சார்ஜரின் சொந்தக் கசிவு. மூன்று பின் மானிட்டரை எச்.டி.எம்.ஐ. ஒயரால் லேப்டாப்போடு இணைத்திருந்தால் அந்த ஒயர் வழியாகவே எர்த் கிடைத்துக் குறுகுறுப்பு அடங்கிவிடும். ஆனால் அந்த ஒயரைச் செருகும்போது சார்ஜரையும் மானிட்டரையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி வந்து போர்ட்டைக் கெடுத்துவிடக்கூடும். டச்பேடில் அம்புக்குறி தானாகத் துள்ளுவதும் பல நேரம் இதே எர்த் பிரச்சினைதான், புது லேப்டாப் வாங்க ஓடவேண்டாம்.

லைனில் மரம் விழுந்து நாள் கணக்கில் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது குறுகுறுப்பு கூடுகிறது என்றால், அது சைன் வேவ் இல்லாத மலிவு இன்வெர்ட்டராக இருக்கும். அதன் சதுர அலையில் வேகமான ஏற்ற இறக்கங்கள் அதிகம், கெப்பாசிட்டரின் சந்து வழியாக அவை கூடுதலாக நுழையும். பேட்டரியில் ஓட்டிவிட்டுக் கரண்ட் வந்ததும் சார்ஜ் போடுவதே நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் லேப்டாப் என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள், "உங்க லேப்டாப் பிரச்சினைங்க" என்று முடித்துவிடுவார். கீசர் என்று ஆரம்பியுங்கள். நியூட்ரல்-எர்த் எண்ணை மீட்டரோடு போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்தி வெட்டுகிறதா என்று பாருங்கள். எர்த்தை மழைக்காலத்தில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள், ஊறிய மண்ணில் எந்தக் குழியும் நன்றாகத்தான் காட்டும். மாசி, பங்குனியில், தேயிலைச் செடியே தண்ணீர் கேட்கும் நாட்களில் ஒருமுறை எர்த் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது அதற்குப் பிறகு.